கம்பமும் கண்ணாடியும்

உடலை வளர்க்கும் பயிற்சிகளை இன்றைய உடற்பயிற்சிக்கூடங்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரே அசைவில் இரண்டு மூன்று மூட்டுகளையும் பல தசைகளையும் ஒருங்கே வேலை வாங்குபவை முதல் வகை. தண்டால், பஸ்கி, எடையைத் தோளில் சுமந்து அமர்ந்தெழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல் அப் ஆகியன இதில் அடங்கும். ஒரு மூட்டை மட்டும் மடக்கி நீட்டி, ஒரு தசையை மட்டும் குறிவைப்பவை இரண்டாம் வகை. முழங்கையை மடக்கி டம்பெல்லைத் தூக்கும் பைசெப்ஸ் கர்ல் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஜிம் வழக்கில் முன்னதற்கு காம்பவுண்ட், பின்னதற்கு ஐசொலேஷன் என்று பெயர். இக்கட்டுரையின் வசதிக்காக அவற்றைக் கூட்டுப்பயிற்சி, தனித்தசைப் பயிற்சி எனக் கொள்வோம்.

எதை எவ்வளவு செய்வது என்பது இப்போது பயிற்சியாளர்களின் தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றுகிறது. ஆனால் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. உடல் ஒன்றா, பல உறுப்புகளின் தொகையா என்ற பழைய கேள்வியின் இன்றைய வடிவம் இது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள விக்கிரவாண்டியைப் பலரும் சுங்கச்சாவடியாகவும், கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரியும் இடமாகவும் மட்டுமே அறிவர். அவ்வூரை நடுவில் வைத்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் பார்த்தாலே இந்த வரலாற்றின் முக்கியமான தடயங்கள் பலவற்றைக் கண்டுவிடலாம்.

முதல் தடயம் கல்லில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு அமைத்த கோயில் என்று அதன் கல்வெட்டு அறிவிப்பது புகழ்பெற்றது. அக்கோயிலின் முகப்பில் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். தமிழகச் சிற்பக்கலையில் மனித உடலின் வலிமையைக் காட்ட முயன்ற மிகப் பழைய கற்படிமங்களில் இவை சேரும். அகன்ற தோள், கனத்த தொடை, கதையின்மீது சாய்ந்த நிலை. ஆனால் எங்கும் ஒரு தசை தனியாகப் பிதுங்கி நிற்கவில்லை. வயிற்றில் கட்டங்கள் இல்லை, புயத்தில் மேடு இல்லை. மூச்சை உள்ளிழுத்து நிறைந்து நிற்கும் உடலாக, ஒரே பரப்பாகச் சிற்பி அதைக் கண்டிருக்கிறான். பல்லவச் சிற்பிக்கு உடற்கூறு தெரியாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. அவன் வலிமையைத் தசையில் தேடவில்லை. நிற்கும் முறையில் தேடினான் என்பதே சரி.

இலக்கியமும் இதையே சொல்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் எண்பதாவதாக உள்ளது. ஒரு கால் எதிரியின் மார்பிலும் மறு கால் முதுகுப்புறத்திலுமாகக் கிள்ளி அவனை மடக்கும் காட்சி அதில் வருகிறது. மற்போரின் ஒரு பிடியை இத்தனை துல்லியமாகப் பதிவுசெய்த பழம்பாடல்கள் குறைவு. கவனித்தால் அங்கே வர்ணனைக்குரியது உறுப்பன்று, உறுப்பின் செயல். மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பெயர் பூண்டபோதும் அப்பெயர் குறித்தது ஒரு திறனை. ஒரு தோற்றத்தை அல்ல.

எனில், பழங்காலத்தவர் உடலை முழுமையாக மட்டுமே பயிற்றினார்கள், பகுதி பகுதியாகப் பயிற்றுவது அண்மைக்காலத்து மேலைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிடலாமா? இப்படிச் சொல்வோர் உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130ஐ ஒட்டித் தொகுத்த மானசோல்லாசம் என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தில் மல்லர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மல்லர்களை வயதையும் வலிமையையும் கொண்டு தரம் பிரித்து, அவர்களுடைய உணவையும் பயிற்சியையும் அது விவரிக்கிறது. பயிற்சிகளின் பட்டியலில் சுமை தூக்குதல், நடத்தல், நீந்துதல் ஆகியவற்றோடு கைகளுக்கென ஒரு பயிற்சியும், தூணைப் பற்றிச் செய்யும் ஸ்தம்ப சிரமம் என்ற பயிற்சியும் இடம்பெறுகின்றன. அதாவது, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முழு உடலுக்கானவற்றோடு ஓர் உறுப்புக்கானதையும் சேர்த்து ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பகையில்லை. எல்லாம் மல்லன் களத்தில் இறங்கும் நாளுக்கான ஆயத்தம்.

அந்தத் தூண் பயிற்சிதான் பின்னாளில் மல்லர் கம்பம் ஆயிற்று. அதன் இன்றைய வடிவத்தை மராட்டிய மண்ணில் நிலைநிறுத்தியவர் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவிடம் மற்போர் ஆசானாக இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் என்பது மரபு. பாஜிராவ் 1796 முதல் 1818 வரை பேஷ்வாவாக இருந்தவர். செஞ்சிக்கோட்டை மராட்டியர் கையில் இருந்ததோ 1677 முதல் 1698 வரை. எனவே ராஜாராமின் வீரர்கள் செஞ்சியிலிருந்து இக்கலையை நம் பக்கம் கொண்டுவந்தார்கள் என்று கதை கட்டுவதற்குக் காலக்கணக்கு ஒத்துவராது. மாமல்லன் என்ற பெயரைக் கொண்டு இதைப் பல்லவர் கலையாக்குவதும் அவ்வாறே. அப்பெயர் மல்லுக்குச் சான்று, கம்பத்துக்குச் சான்றாகாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் இக்கலையை ஐரோப்பியர் முன் செய்துகாட்டினார்கள். இவ்வளவு தொலைவில் வளர்ந்த ஒரு கலை தமிழ்நாட்டில் வேரூன்றிய ஊர் விழுப்புரம். இன்று மல்லர் கம்பம் என்றதும் தமிழகத்தில் முதலில் நினைவுக்கு வருவது அந்நகரமும் அதன் சிறுவர் சிறுமியருமே.

தரைக்கு மேல் ஏறத்தாழ எட்டரை அடி நிற்கும் கம்பம். கீழே பருத்தும் மேலே செல்லச் செல்ல மெலிந்தும், உச்சியில் ஒரு குமிழோடும் கடைந்தெடுக்கப்பட்டது. விளக்கெண்ணெய் தடவப்பட்டிருக்கும். இதில் ஏறுபவர் கையால் மட்டும் ஏற முடியாது. தொடையால் கவ்வ வேண்டும், பாதத்தால் அழுத்த வேண்டும், வயிற்றை இறுக்கி உடலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். மல்லனுக்கு இது எதிராளியின் உடல். ஆளில்லாத நேரத்தில் பிடி பழகுவதற்கு ஊன்றி வைக்கப்பட்ட மரத்தாலான எதிரி. எந்த இடத்தில் உடல் பலவீனமோ அந்த இடத்தில் கம்பம் வழுக்கிவிடும். பயிற்சியாளர் சொல்லவேண்டிய அவசியமில்லை.

இனி, இந்தக் கம்பத்தைத் தண்டால், பஸ்கியோடு சேர்த்துப் பார்ப்போம். தண்டால் மார்பு, தோள், பின்புயம் ஆகியவற்றுக்குரியது. அது தள்ளும் அசைவு. பஸ்கி தொடைக்கும் பிட்டத்துக்கும் உரியது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இவற்றைச் செய்ததாகப் பெரிய பயில்வான்களைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. எண்ணிக்கை எதுவானாலும் இவ்விரண்டில் ஒரு குறை உள்ளது. இரண்டிலும் இழுக்கும் அசைவு இல்லை. முதுகின் பக்கவாட்டுத் தசைகளும் முன்புயமும் பிடியும் இவற்றால் போதிய அளவு வளரா. அந்தக் குறையை நிரப்பியவை கம்பமும் கயிறும், கோதாவின் மண்ணை நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டும் வேலையும்தான். தோளைச் சுழற்றுவதற்குக் கர்லாக்கட்டை இருந்தது. கழுத்துக்கென்று கல் வளையத்தை மாட்டிக்கொண்டு பஸ்கி செய்யும் வழக்கம் வடநாட்டு அகாடாக்களில் இருந்தது. கழுத்து, மணிக்கட்டு என்று ஓர் இடத்தைக் குறிவைத்துச் செய்த இவற்றைத் தனித்தசைப் பயிற்சியின் மூதாதை எனலாம்.

இங்கே ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் முழு உடல். அதன் பின், களம் காட்டிக்கொடுத்த குறைக்கு மட்டும் தனிப்பயிற்சி. கழுத்துக்கு ஏன் தனிப்பயிற்சி? மற்போரில் கழுத்தைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். மணிக்கட்டுக்கு ஏன்? பிடி தளர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பகுதிக்கு அதன் இடத்தைக் கொடுத்தது முழுமை.

இந்த ஒழுங்கு தலைகீழாகப் புரண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதைப் புரட்டிய கருவி ஒளிப்படம்.

யூஜின் சாண்டோ 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர். மேடையில் எடை தூக்கிக் காட்டும் பலசாலியாகத் தொடங்கி, பிறகு எடையைக் குறைத்து உடலைக் காட்டத் தொடங்கினார். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, கதையின்மீது சாய்ந்து நிற்கும் ஹெர்குலிஸ் சிலையின் நிலையில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படங்கள் உலகெங்கும் விற்றன. மண்டகப்பட்டுக் காவலனும் கதையின்மீதுதான் சாய்ந்து நிற்கிறான் என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். ஆயுதமும் நிலையும் ஒன்றே. ஆனால் ஹெர்குலிஸின் உடலில் ஒவ்வொரு தசையும் எல்லை வகுத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைகளைத் தன் உடலில் கொண்டுவருவதே சாண்டோவின் இலட்சியமாயிற்று. 1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ஆல்பர்ட் அரங்கில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியில் சாண்டோவோடு நடுவராக அமர்ந்தவர்கள் இருவர்: ஒருவர் சிற்பி சார்லஸ் லாஸ், மற்றவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். மல்யுத்த ஆசானுக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஓர் உடலைச் சிற்பியும் நாவலாசிரியரும் மதிப்பிடலாம் என்ற நிலை வந்துவிட்டது.

சாண்டோ 1897இல் வெளியிட்ட நூலின் வழியாகவும், அஞ்சல்வழிப் பாடங்களின் வழியாகவும் பரப்பிய முறை இலேசான டம்பெல்களைக் கொண்டது. ஒவ்வொரு தசையிலும் மனத்தை நிறுத்தி அதைச் சுருக்கி விரிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் நல்லது. ஆனால் சாண்டோவின் சொந்த உடல் இவ்வாறு உருவானதன்று. அட்டிலா என்ற மேடைப்பெயர் கொண்ட ஆசானிடம் அவர் பயின்றது கனத்த எடைகளைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி. கூட்டுப்பயிற்சியால் உருவான உடலைக் காட்டித் தனித்தசைப் பயிற்சியை விற்றார் என்று சற்றுக் கடுமையாகச் சொல்லலாம். உடற்பயிற்சி வணிகத்தில் இந்த உத்தி இன்றுவரை மாறவில்லை.

1904-05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். உடல் மெலிந்தவர்கள், ஆளப்படத் தகுந்தவர்கள் என்று ஆட்சியாளர்களால் இகழப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மக்கள்கூட்டத்துக்கு அந்த உடல் ஓர் அறைகூவலாக இருந்தது. அதற்குத் தென்னிந்தியா தந்த சிறந்த மறுமொழி பெங்களூரின் கே.வி.ஐயர். 1920களில் ஹெர்குலிஸ் என்ற பெயரிலேயே பயிற்சிக்கூடம் நிறுவியவர். தன் உடலின் படங்களோடு நூல்கள் எழுதியவர். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவைப் பெற்றவர். இலக்கிய வாசகர்கள் அவரை வேறு விதமாக அறிவர்: ஹொய்சள அரசி சாந்தலையைப் பற்றிய கன்னட வரலாற்று நாவலின் ஆசிரியர் அவரே.

ஐயரைச் சாண்டோவின் இந்தியப் பிரதி என்று ஒதுக்குவது எளிது. அவர் செய்தது அதைவிட நுட்பமானது. பார்பெல்லோடு சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் சேர்த்தே கற்பித்தார். சூரிய நமஸ்காரம் தண்டாலின் உறவு. தலை முதல் கால் வரை ஒரே தொடரில் இயங்கும் கூட்டுப்பயிற்சி. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை நடந்தபோது, ஐயரின் மாணவர் நடத்திய பயிற்சிக்கூடமும் அருகிலேயே இயங்கியது. அழகை அளவெடுக்கும் மேலைக் கண்ணும், உடலை ஒன்றாக இயக்கும் கீழை வழக்கமும் ஒரு தலைமுறைக்காலம் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. சமநிலை என்று ஒன்று இருந்ததற்கு வரலாறு தரும் சான்று அது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1970இல் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் நாட்டிலஸ் இயந்திரங்களை விற்கத் தொடங்கினார். உடலை இருக்கையில் பொருத்தி, வேண்டிய மூட்டை மட்டும் அசைய விடும் அமைப்பு அது. நிற்கவேண்டியதில்லை, சமன் செய்யவேண்டியதில்லை. தனித்தசைப் பயிற்சிக்கு அதைவிடத் தூய வடிவம் கிடையாது. அதன் வழித்தோன்றல்கள் இன்று சிறுநகரங்களின் மாடிகள் வரை ஏறிவிட்டன. நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடியும், சுவரில் அர்னால்டும் இல்லாத ஜிம்மைக் காண்பது அரிது. 2015இல் வெளியான ‘ஐ’ படத்தின் நாயகன் மிஸ்டர் தமிழ்நாடு பட்டத்தைக் கனவு காணும் சாமானிய இளைஞன் என்பதைக்கொண்டு இக்கனவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறியலாம். கனவில் பிழையில்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, தன் உடலைத் தானே வடிக்கலாம் என்ற எண்ணம் ஒரு விடுதலை. அது எந்த வரிசையில் செய்யப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இதில் அறிவியல் சொல்வது என்ன? இரண்டு ஆய்வுகளைப் பார்க்கலாம். 2015இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், முன்பயிற்சி இல்லாத இளைஞர்களில் ஒரு குழு கம்பியை மேலிருந்து கீழே இழுக்கும் கூட்டுப்பயிற்சியையும், மறு குழு பைசெப்ஸ் கர்லையும் பத்து வாரம் செய்தது. முடிவில் இரு குழுவிலும் முழங்கையை மடக்கும் தசைகள் ஏறக்குறைய ஒரே அளவு தடித்திருந்தன. இழுப்பவனுக்கு முதுகும் சேர்ந்து பயிற்சி பெறுகிறது, புயமும் பின்தங்கவில்லை. புதிதாகத் தொடங்குபவன் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தைப் புயத்துக்குச் செலவிடுவது வீண் என்பதே இதன் பொருள்.

2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பத்து வாரம் ஸ்குவாட் செய்தவர்களின் முன்தொடைத் தசைகள் பெரும்பாலும் வளர்ந்தன. ஆனால் பின்தொடைத் தசைகளிலும், இடுப்பையும் முழங்காலையும் ஒருங்கே கடக்கும் நேர்த்தொடைத் தசையிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. காரணம் எளியது. அவ்வகைத் தசை ஒரு மூட்டில் சுருங்கும்போது மற்றொரு மூட்டில் நீள்கிறது. நிகர வேலை குறைந்துவிடுகிறது. பஸ்கியை மட்டுமே நம்பியவனின் காலில் ஒரு பக்கம் பின்தங்கும் என்று இதைக்கொண்டு ஊகிக்கலாம். முழங்காலை மடக்கி நீட்டும் தனிப்பயிற்சிகளுக்கு இங்கே நியாயமான இடம் உண்டு. கூட்டுப்பயிற்சியே போதும் என்ற தூய்மைவாதமும் தவறு.

மற்றொரு தூய்மைவாதமும் உண்டு. உழைக்கும் உடலுக்குப் பயிற்சியே வேண்டாம் என்பது அது. விக்கிரவாண்டியை அடுத்த பனையபுரம் சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர். பனைமரமே அங்கே தலவிருட்சம். பனையேறி காலில் தளையிட்டு, மார்பை மரத்தோடு அணைத்து, அறுபது எழுபது அடி மரத்தில் பருவம் முழுவதும் காலையும் மாலையும் ஏறுகிறார். மல்லர் கம்பத்தில் செய்யும் அத்தனையும், அதைவிடப் பல மடங்கு உயரத்தில், கீழே மெத்தை இல்லாமல். இதைவிட நிறைவான கூட்டுப்பயிற்சியைக் கற்பனை செய்வது கடினம். ஆயினும் இதைப் பயிற்சி என்று பாராட்டுவது பனையேறிக்குச் செய்யும் அநீதி. பயிற்சியில் சுமையை நாம் தேர்ந்தெடுக்கிறோம், சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம், ஓய்வு கொடுக்கிறோம். உழைப்பில் சுமை நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. ஓய்வில்லாத ஒரே அசைவு உடலின் சில இடங்களை இரும்பாக்கி, சில இடங்களைத் தேய்த்துவிடுகிறது. பனையேறியின் மார்பிலும் காலிலும் காணும் காய்ப்புகள் உழைப்பின் பதக்கங்கள் என்று கவிதை எழுதலாம். அவர் தம் மகனுக்கு அந்தப் பதக்கத்தை விரும்புவதில்லை.

அந்த மகன் விரும்புவது பெரும்பாலும் சீருடை. விழுப்புரம் மாவட்டத்தில் காவலர் தேர்வு என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஒரே கதவு. விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் உடற்தகுதித் தேர்வு நடக்கும் நாட்களில், விடியுமுன்பே வந்து நிற்கும் இளைஞர் வரிசையில் கிராமங்களின் முகம் தெரியும். அண்மைக்கால இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுகளில் ஆண்களுக்கு மார்பு 81 செ.மீ. இருக்கவேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரியவேண்டும். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். பிறகு கயிறு: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. தாண்டுதலும் விரைவோட்டமும் தொடரும்.

இந்தப் பட்டியலில் புயத்தின் சுற்றளவு எங்கும் இல்லை. கயிறு ஏறுவதற்கு வேண்டியது முதுகின் இழுப்பும், பிடியும், பாதத்தால் கயிற்றைப் பூட்டும் திறனும், தன் எடையைத் தானே சுமக்கும் விகிதமும். மார்பளவையிலும் தேவைப்படுவது தசையின் பருமன் மட்டுமன்று, மூச்சின் விரிவும்கூட. மண்டகப்பட்டுச் சிற்பி கல்லில் வடித்த அதே நிறைந்த மார்பு. ஓராண்டு கண்ணாடி முன் புயம் வளர்த்த இளைஞன் கயிற்றின் மூன்றாம் மீட்டரில் தொங்கி நின்றுவிட்டால், அவன் சோம்பேறி என்று பொருளில்லை. அவனுக்குத் தவறான வரிசையில் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மாதக்கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு அந்த மூன்று மீட்டரின் விலை மிகப் பெரியது.

ஆகவே சமநிலை என்பது பாதிக்குப் பாதி அன்று. தொடங்குபவனுக்கு முதல் ஆறேழு மாதம் தள்ளுதல், இழுத்தல், அமர்ந்தெழுதல், இடுப்பை மடக்கிக் குனிந்து தூக்குதல் என்ற நான்கு அசைவுகளே முதன்மை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு பயிற்சி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்தால் போதும். தண்டாலும் பஸ்கியும் கம்பியும் கயிறும் இருந்தால் இவற்றில் மூன்று காசில்லாமல் நடக்கும். நான்காவதற்கு ஒரு மணல்மூட்டை. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் தனித்தசைப் பயிற்சிக்குரியது. அதிலும் முதலிடம், முன் நின்று பார்த்தால் கண்ணாடியில் தெரியாத பின்தொடைக்கும் பின்தோளுக்கும் கெண்டைக்காலுக்கும் பிடிக்கும். ஓரிரு ஆண்டு கடந்து, உடல் பழகி, கூட்டுப்பயிற்சியால் இனி வளராத இடங்கள் தெரிந்தபின் இந்தப் பங்கைக் கூட்டலாம். மேடையேறும் எண்ணமிருந்தால் இன்னும் கூட்டலாம். அந்தக் களத்துக்குக் கண்ணாடிதான் கம்பம். காயத்திலிருந்து மீள்பவருக்கோ வரிசையே மாறும். அவருக்குத் தனித்தசைப் பயிற்சிதான் முதற்படி.

மானசோல்லாசத்தின் பட்டியலும் கே.வி.ஐயரின் பாடத்திட்டமும் இன்றைய ஆய்வுக்கூடமும் தத்தம் மொழியில் சொல்வது இதையே. பகுதியைப் பயிற்றுவதில் தவறில்லை. எதற்காக என்று முழுமை சொல்லியிருக்கவேண்டும். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பயிலும் பத்து வயதுச் சிறுமி கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும்போது எந்தத் தசையின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எந்த இடத்தில் வழுக்குகிறது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஆசான் அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சி கொடுப்பார். அதன்பின் அவள் மீண்டும் கம்பத்துக்கு வருவாள்.